கீழ்வீட்டில் மருந்து, மேல்வீட்டில் எறும்பு

துறைமுகம், தானியக் கிடங்கு
ஜூன் 9

மேல்வீட்டுச் சகலை அவர்களுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. கோபம் வந்தால் நான் மரியாதை கொடுத்துப் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்'தான்.

நேற்று என் வீட்டுக்காரி போனில் சொன்னாள்: "உங்க சகலை ஒரு எறும்பு வளர்க்கிறாருங்க. கண்ணாடிக் குழாய்க்குள்ள வச்சிருக்காரு. பார்க்க அழகாத்தான் இருக்கு." அழகாம். நான் மூட்டைகளுக்கு நடுவில் முகமூடி மாட்டிக்கொண்டு, முதுகில் மருந்துப் பம்ப்போடு நிற்கிறேன். அந்த நேரத்தில் கேட்கிற செய்தியா இது?

நம் வீட்டு வாசலில் தொங்கும் பலகையை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். "எறும்பு, கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி. ஒன்றுகூட மிச்சமிருக்காது." அதன் கீழே நான் பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரிக்கிற படம். அந்தச் சிரிப்புக்கு நேர் மேலே, என் சொந்த மாடியில், நீங்கள் எறும்பு வளர்க்கிறீர்கள். உங்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நான் என்றைக்காவது அந்தக் கடை வாசலில் நின்று, "கண்ணாடியெல்லாம் எதுக்கு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே போதும்" என்று யாரிடமாவது சொன்னேனா?

இதைப் போனிலேயே கத்தியிருப்பேன். ஆனால் தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் போனது என்று நாம் போட்ட சண்டைக்குப் பிறகு அக்காளும் தங்கையும் சேர்ந்து நமக்கொரு சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்களும் நானும் போனில் பேசக்கூடாது, எதுவானாலும் கடிதம்தான். எழுதி, மடித்து, ஒட்டி, தபால்பெட்டிவரை நடந்து போவதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். தபால்பெட்டி கிடங்கு வாசலிலேயே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஐப்பசி பிறக்கும்போது இங்கே வேலை முடியும். நான் வீடு திரும்பும்போது அது அங்கே இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
கீழ்வீட்டுச் சகலை

கண்ணாடிக் கடை
ஜூன் 15

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் மரியாதையைப் பார்த்து நடுங்கிப்போனேன். கடிதத்தை என் வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டு, "பத்து இடத்துல நீங்கள் போட்டிருக்காரு, பெரிய கோபம்தான்" என்றாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று பெரிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடையில் ஒரு ஆள் இல்லை. லென்ஸ் தேய்க்கிற மேசைமேல் ஒரு கட்டெறும்பு நடந்து வந்தது. சாதாரணக் கட்டெறும்பு இல்லை, மூன்று மடங்கு பெரியது. முதுகில் இறக்கை உதிர்ந்த தழும்பு. ராணி. கல்யாணம் முடித்து, இறக்கையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, குடியிருக்க இடம் தேடி வந்திருக்கிறாள். பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கினேன். அடியில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. வீடு அவ்வளவுதான்.

ராணியால் யாருக்கும் தொல்லை கிடையாது. முதல் பிள்ளைகள் வளர்ந்து வரும்வரை சாப்பாடே கேட்கமாட்டாள். பறக்க உதவிய சதையைக் கரைத்துத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டுவாளாம். முக்கியமாக, மோட்டார் போட்டுவிட்டு மறக்கமாட்டாள்.

சகலை, நாள் முழுக்க மற்றவர்கள் பார்ப்பதற்குத்தான் நான் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். நான் ஆசையாகப் பார்க்க என்று ஒன்று இப்போதுதான் கிடைத்திருக்கிறது. போகச் சொல்லாதீர்கள்.

மேல்வீட்டுச் சகலை

தானியக் கிடங்கு
ஜூன் 24

சகலை,

கடைசிப் பாராவை எழுதச் சொன்னது மச்சினிதானே? இந்த மாதிரி எழுதுகிற ஆள் நீங்கள் இல்லை.

சரி. ஒரே ஒரு எறும்புக்கு அனுமதி தருகிறேன். ஒன்று என்றால் ஒன்று. இரண்டாவது எறும்பை நான் பார்த்தால் மூன்றாவது கடிதம் வராது, நானே வருவேன்.

தொழில் சம்பந்தமாக மட்டும் ஒன்று கேட்கிறேன். முப்பது வருஷமாக நான் அடிப்பதெல்லாம் வரிசையில் போகிறவர்களைத்தான். உள்ளே ராணி இருப்பாள் என்று தெரியும், முகத்தைப் பார்த்ததில்லை. நிஜமாகவே மூன்று மடங்கா? இல்லை, உங்கள் கடை லென்ஸ் வழியாகப் பார்த்துச் சொல்கிறீர்களா?

கீழ்வீட்டுச் சகலை

கண்ணாடிக் கடை
ஜூலை 6

அன்புள்ள சகலைக்கு,

ஒன்று என்றால் ஒன்று என்றீர்கள். இப்போதும் ஒன்றுதான். அதுதான் துக்கம்.

முட்டை போட்டிருந்தாள். ரவையைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளையாக ஒரு சின்னக் குவியல். எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாயைக் கடைக்கே எடுத்துப் போனேன். ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் அதை எடுப்பேன், விளக்கடியில் பிடிப்பேன், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். முந்தாநாள் பார்த்தால் குவியலைக் காணவில்லை. பயத்தில் அவளே தின்றுவிட்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறுதல் சொல்வாள் என்று என் வீட்டுக்காரியிடம் போனேன். "பிரசவ அறைக்குள்ள டார்ச் அடிச்சு எட்டி எட்டிப் பார்த்தா யாருக்குத்தான் பிள்ளை தங்கும்" என்று கேட்டாள். கீழேயிருந்து அண்ணி, உங்கள் வீட்டம்மாதான், வந்தார்கள். குழாயை வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். "உங்களுக்குப் பார்க்கத்தான் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மடங்குதான். லென்ஸ் இல்லாமலே.

மேல்வீட்டுச் சகலை

தானியக் கிடங்கு
ஜூலை 14

சகலை,

என் வீட்டுக்காரி அதை எங்கே ஒளித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பீரோவில், என் வெள்ளைச் சட்டைகளுக்குப் பின்னால். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பிஸ்கட் டப்பாவை அங்கேதான் வைக்கிறாள். நல்லவேளை, அவை கல்யாணம் காட்சிக்குப் போடுகிற சட்டைகள், மருந்து வாசனை இருக்காது. பூச்சிமருந்துக்காரன் சட்டைக்குள் எறும்புக்குப் பிரசவம். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு கூட்டைக் காலி பண்ண வேண்டுமென்றால் மருந்துகூட வேண்டாம். தட்டிக்கொண்டும் வெளிச்சம் அடித்துக்கொண்டும் இருந்தால் போதும், தாங்காமல் இடத்தை மாற்றிவிடும். நான் கூலி வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை நீ இலவசமாகச் செய்திருக்கிறாய்.

சும்மா விடு. மறுபடி போடுவாள். போட்டால் எனக்குச் சொல்லாதே. தெரிந்துவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

கீழ்வீட்டுச் சகலை

பி.கு. 'நீ' என்று எழுதிவிட்டதை இப்போதுதான் பார்க்கிறேன். அடித்துத் திருத்தச் சோம்பலாக இருக்கிறது.

கண்ணாடிக் கடை
செப்டம்பர் 12

அன்புள்ள சகலைக்கு,

சொல்லாதே என்றீர்கள், ஆடி மாதம் முடிந்தும் இவ்வளவு நாள் சொல்லாமலே இருந்தேன். இப்போது நானாகச் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். பிள்ளைகள் பிறந்து குடும்பம் பெருகிவிட்டது. முதல் பிள்ளை கூட்டைக் கிழித்து வெளியே வந்ததும் அண்ணி படியேறி வந்து, "உங்க ராணிக்குத் துணை வந்தாச்சு" என்றார்கள். ஒரு சொட்டுத் தேன்தண்ணீர் வைத்தோம். குட்டி குடித்துவிட்டு நேராக அம்மாவிடம் போய் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. அத்தனை வாரமாகப் பட்டினி கிடந்தவள் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

குழாய் பற்றாமல் போனதால் வீடு கட்டினேன். சிற்பக்காரர்கள் அச்சு எடுக்கிற வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி, காய்ந்ததும் லென்ஸ் தேய்க்கிற கருவியால் அறைகள் குடைந்தேன். கூரைக்குச் சிவப்புக் கண்ணாடி, விற்காமல் கிடந்த வெயில் கண்ணாடியிலிருந்து எடுத்தது. சிவப்பு அவர்கள் கண்ணுக்கு இருட்டு. முற்றத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் விளிம்பில் ஏறி வரமுடியாதபடி முகப்பவுடரை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினேன். ஆனால் யாரும் குடிபோக மாட்டேன் என்றார்கள். புது வீட்டை இருட்டாக்கி, பழைய குழாய்மேல் வெளிச்சத்தைக் காட்டினோம். உங்கள் தொழில் ரகசியம்தான், நீங்கள் எழுதியதைத்தான் செய்தோம். ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ராணி கடைசியாக, யோசித்து யோசித்து நடந்தாள். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அடுப்பில் வைத்தது கருகிப்போனது.

இனி கெட்ட செய்தி. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறதே என்று அண்ணி ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார்கள். அண்ணியைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் தூசி பார்த்தால் பூச்சி வரும் என்று அவர்களைப் பழக்கியதே நீங்கள்தான். நாலைந்து பேர் வேலியில்லாததைக் கண்டுபிடித்துப் படியிறங்கிக் கீழே போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து விடுதிக்காரர், உங்கள் பெரிய வாடிக்கையாளர்தான், வருஷ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தட்டில் ஒரு கட்டெறும்பு ஏறியது. நசுக்க விரலை நீட்டினார். அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்கள். "ஐயோ, நசுக்கிடாதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அது. மேல வளர்க்கிறோம்."

மனிதர் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

மேல்வீட்டுச் சகலை

தானியக் கிடங்கு
செப்டம்பர் 17

ஐயா,

உங்கள் கடிதத்துக்கு முன்பே விடுதிக்காரர் போனில் வந்துவிட்டார். "நீங்களே வளர்ப்பீங்க, நீங்களே ஊருக்குள்ள விடுவீங்க, அப்புறம் நீங்களே வந்து மருந்தும் அடிப்பீங்க. நல்ல ஏற்பாடுதாங்க" என்றார். ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு போன், பிறகு அரிசி மண்டியிலிருந்து. எல்லோருக்கும் அதே கேள்வி.

முப்பது வருஷத்தில் நான் சம்பாதித்தது அந்தப் பலகையில் இருக்கிற பெயர் ஒன்றுதான். அடித்தால் அடித்ததுதான், ஏமாற்றமாட்டான் என்கிற பெயர். நீங்கள் குடியிருக்கிற மாடியும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. அது போய்விட்டால் இந்த வயதில் நான் எந்தத் தொழிலுக்குப் போவேன்?

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வருகிறேன். நான் வரும்போது எறும்புகளும் நீங்களும் சேர்ந்து அங்கே இருக்க முடியாது. எது இருப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தங்கள் பணிவுள்ள

கண்ணாடிக் கடை
செப்டம்பர் 22

சகலை அவர்களுக்கு,

'ஐயா' என்று நீங்கள் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன். நியாயம்தான்.

முடிவு செய்துவிட்டேன். கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை இருக்கிறது. சுத்தம் பண்ணி, நாங்கள் இரண்டு பேரும் எறும்புகளும் அங்கே போய்விடுகிறோம். அவர்களைக் கொல்ல எனக்குக் கை வராது. தெருவில் விட்டால் அந்தக் குட்டிகள் ஒரு நாள் தாங்காது. நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் பெயரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

எப்படியும் போகத்தான் வேண்டியிருக்கும். நீங்கள் மன்னித்தாலும் உங்கள் சட்டையும் பம்ப்பும் மன்னிக்காது. வேலை முடித்து நீங்கள் படியேறி வந்தாலே போதும், அந்த மருந்துக் காற்றில் அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

என் வீட்டுக்காரி அழவில்லை, பாத்திரங்களைச் சத்தமாக வைக்கிறாள். அண்ணி எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை. நேற்று மட்டும் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "போறவங்க போகட்டும். நானும் பெட்டியைக் கட்டிக்கிட்டு அவங்களோட கிளம்பறேன். வர்றவரு பலகையோட குடித்தனம் நடத்தட்டும்."

மேல்வீட்டுச் சகலை (இந்த மாதம்வரை)

தானியக் கிடங்கு
அக்டோபர் 3

சகலை,

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, தபால்பெட்டிவரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். பெட்டி இவ்வளவு பக்கத்தில் இருந்தும்.

போன வாரம் மழை விட்டதும் கிடங்கு முற்றத்தில் இறக்கை எறும்புகள் கொட்டின. சுவரோரமாக ஒருத்தி இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தாள். உன் கணக்கு சரி, மூன்று மடங்கு. இப்படியொரு ஜீவனுக்காகவா இவன் வீட்டையே இரண்டாக்கினான், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று பிடித்தேன்.

என்னிடம் எந்தக் குழாய் இருக்கிறது? மருந்துப் புட்டிதான் இருந்தது. காலிப் புட்டி. சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்து, மறுபடியும் கழுவினேன். நீ எழுதியபடியே தண்ணீர், பஞ்சு, எல்லாம் வைத்தேன். டிரங்குப் பெட்டிக்குள் இருட்டில் வைத்தேன். உன்னைப் போல எட்டிப் பார்க்கவுமில்லை.

மறுநாள் காலையில் மல்லாந்து கிடந்தாள்.

முப்பது வருஷத்தில் எத்தனை எறும்பு செத்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை, இப்போதும் அதற்காக வருத்தமில்லை. அது தொழில். இவள் ஒருத்தி பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன், அது நடக்கவில்லை. அவ்வளவு கழுவியும் மருந்து போகவில்லை பார். என் பெரிய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேலை முடித்து வந்தால் உன் அண்ணி கதவிலேயே மறிப்பாள். "குளிச்சிட்டு வந்து தொடுங்க" என்பாள். குளித்து வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். பாதி நாள் அப்படித்தான் வளர்த்தேன். அது ஞாபகம் வந்துவிட்டது. முற்றத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். கிடங்கு மேஸ்திரி, "யாருக்குங்க" என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

நீ போக வேண்டாம். பம்ப்பையும் மருந்தையும் வேலைச் சட்டைகளையும் இனி வீட்டில் வைக்கப்போவதில்லை, சந்தைப் பக்கம் ஒரு கொட்டகை பார்த்துவிட்டேன். அங்கேயே குளித்து, மாற்றிக்கொண்டு வருவேன். என் பெயருக்கு என்ன வழி என்று மட்டும் இன்னும் புலப்படவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் பத்தடி தள்ளி நின்றே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்களை ஒரு தடவை பார்க்கலாமா?

கீழ்வீட்டுச் சகலை

கண்ணாடிக் கடை
அக்டோபர் 9

அன்புள்ள சகலைக்கு,

கட்டிய பெட்டிகளை அவிழ்த்துவிட்டோம். அண்ணி உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பிஸ்கட் டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள். எனக்கென்னவோ அது உங்களுக்கான பரிசு என்று தோன்றுகிறது.

பத்தடி தள்ளி நின்றால் என்ன தெரியும்? நான் எதற்கு இருக்கிறேன்? மாடிப்படி திரும்புகிற இடத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, என் கடையிலேயே பெரிய லென்ஸைத் தேய்த்துப் பொருத்திவிட்டேன். அந்தப் பக்கம் எறும்பு வீடு, இந்தப் பக்கம் நீங்கள். காற்றுகூடப் போகாது. உங்கள் உயரத்துக்கு வைத்திருக்கிறேன், நான் பார்க்க முக்காலி போட வேண்டும். அதற்குள்ளே குடும்பம் வளர்ந்துவிட்டது. ராணி நடு அறையில் உட்கார்ந்திருப்பாள், தொடுகிற தூரத்தில் இருப்பது போலவே தெரியும்.

அதன் வழியாக முதலில் பார்த்தது யார் தெரியுமா, விடுதிக்காரர். நேற்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். வேறு ஆளை வைத்து மருந்தடித்தாராம், சித்தெறும்பு இப்போது சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டதாம். "உங்க எறும்பை எல்லாம் திருப்பிக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அண்ணிக்கு வந்ததே கோபம். கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப்போய் லென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார்கள். "நல்லாப் பாருங்க. எங்க பிள்ளைங்க எவ்வளவு பெரிசு, உங்க வீட்டுது எவ்வளவு சிறிசு? எங்க பிள்ளைங்க உங்க விடுதியை எட்டிக்கூடப் பார்த்ததில்ல." மனிதர் பார்த்தவர் பார்த்தவர்தான். முன்னறையில் வைத்த காப்பி ஆறிப்போனது. போகும்போது, "அந்தக் குழாய் எங்கே கிடைக்கும்" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆனால் பள்ளிக்கூடக்காரரையும் மண்டிக்காரரையும் இப்படி ஒவ்வொருவராக அண்ணி இழுத்துவர முடியாது. வெளியில் யார் கேட்டால் என்ன சொல்வது? எறும்பே இல்லை என்று சொல்லிவிடட்டுமா?

மேல்வீட்டுச் சகலை

தானியக் கிடங்கு
அக்டோபர் 14

சகலை,

இல்லை என்று சொல்லாதே. மறைத்தால்தான் ஊர் பேசும். சொல்லிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது? முப்பது வருஷம் பொய் சொல்லாமல் மருந்தடித்தவன், எறும்புக்காகப் பொய் சொல்லமாட்டேன்.

பலகை எழுதுகிறவரை இது கிடைத்ததும் கூப்பிடு. என் படத்தைத் தொட வேண்டாம், சிரிப்பு அப்படியே இருக்கட்டும். "ஒன்றுகூட மிச்சமிருக்காது" என்பதையும் அழிக்க வேண்டாம், அது உண்மைதான். அதற்குக் கீழே, தெருவில் போகிறவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி, கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்:

"மேல்மாடி நீங்கலாக."

கீழ்வீட்டுச் சகலை